காரைக்காலில் ஒரு காடு பார்த்தேன்

காரைக்கால் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது மாம்பழம்தான். கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்குப் படைத்துவிட்டுப் பிறகு இறைவன் அருளால் இன்னொரு கனியைப் பெற்றாரே புனிதவதியார், அவர் வாழ்ந்த ஊர் அல்லவா! ஒவ்வோர் ஆண்டும் ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி அங்கே மாங்கனித் திருவிழா நடக்கிறது. பிட்சாடண மூர்த்தி வீதியுலா வரும்போது, வீட்டு மாடிகளிலிருந்தும் வாசல்களிலிருந்தும் மாம்பழங்களை இறைப்பார்கள். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் முந்தானையை ஏந்திக்கொண்டு நிற்பார்கள். ஒரு பழம் வந்து மடியில் விழுந்துவிட்டால் அந்த முகங்களில் தெரியும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

போன வருஷம் ஆனியில் இந்த விழாவைப் பார்க்கத்தான் போனேன். என் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊரும் அதுவே. ஒரு வாரம் தங்கினேன். அம்மையாரையும் சனி பகவானையும் தரிசித்தேன், கடலில் கால் நனைத்தேன். இவற்றோடு ஒரு காட்டையும் பார்த்துவிட்டு வந்தேன்.

"காரைக்காலில் ஏது காடு?" என்று அந்தப் பக்கத்துச் சகோதரிகள் சிரிக்கக்கூடும். மாவட்டம் மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி 2 லட்சம் ஜனங்கள். வயலும் வாய்க்காலும் குளமும் கடலுமாக இருக்கும் அந்த டெல்டா பூமியில், மலையடிவாரங்களில் இருப்பது போன்ற பெருங்காடு கிடையாது. ஆனால் நான் பார்த்ததும் காடுதான். எப்படி என்று சொல்கிறேன்.

நந்தலாற்றைத் தாண்டி

எங்கள் மாயவரத்திலிருந்து ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு வழியாகப் பஸ் போகிறது. நந்தலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு முடிந்து, புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால் ஆரம்பம். மூன்று பக்கமும் தமிழ்நாடு, ஒரு பக்கம் வங்கக் கடல். நடுவிலே ஒரு சின்னத் தீவு மாதிரி இந்த மாவட்டம். 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போய், 1954 நவம்பர் 1-ல் நம்மோடு சேர்ந்தது. நம் பக்கத்தில் பஞ்சாயத்து யூனியன் என்கிறோமே, அதை அங்கே இன்னமும் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்கிறார்கள். காரைக்கால் நகருக்கு முனிசிபாலிட்டி. அதைச் சுற்றி கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் என்று ஐந்து கொம்யூன்கள்.

அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராஜனாறு என்று காவிரியின் கிளைகள் விரல் விரித்தது போலப் பிரிந்து கடலுக்குப் போகின்றன. ஊருக்குள் வீதிகள் கோடு போட்டாற்போல் நேராக இருக்கும். நான் போனது ஆனி மாதம். வெயில் இன்னும் தணியவில்லை. காலை பத்து மணிக்கு மேல் அந்த நேரான வீதிகளில் நடந்தால், ஒரு பக்கத்து மரநிழலிலிருந்து அடுத்த மரநிழலுக்கு ஓட வேண்டியிருந்தது. அந்த ஓட்டத்தில்தான் எங்கே மரம் இருக்கிறது, எங்கே இல்லை என்பது மனசில் பதிந்தது.

தர்ப்பைக் காடும் புன்னை மரமும்

திருநள்ளாற்றுக்குப் போகிறவர்கள் நள தீர்த்தத்தில் குளித்து, சனி பகவானுக்கு எள் தீபம் ஏற்றி வந்துவிடுகிறோம். அங்கே மூலவரின் பெயர் தர்ப்பாரண்யேஸ்வரர் என்பதைக் கவனித்திருப்பீர்கள். தர்ப்பாரண்யம் என்றால் தர்ப்பைக் காடு. தல விருட்சமும் தர்ப்பைதான். ஒரு காலத்தில் அந்த இடம் புல்லடர்ந்த காடாக இருந்தது என்பதைச் சுவாமியின் பெயரே சொல்லிக்கொண்டிருக்கிறது. கடலோரத்திலுள்ள திருவேட்டக்குடியில் தல மரம் புன்னை. உப்புக் காற்றைத் தாங்கி, கடற்கரை மணலில் செழித்து வளரும் மரம் அது. அந்த மண்ணுக்கு எது பொருந்துமோ அதையே கோயில் மரமாக வைத்திருக்கிறார்கள், பாருங்கள்! நம் அம்மையாரும் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் திருவாலங்காடு, அதாவது ஆலமரக் காடு.

மரத்துக்கு மரியாதை செய்வதில் இன்றைய சர்க்கார்களும் பின்தங்கிவிடவில்லை. 2007-ல் புதுச்சேரி அரசு வில்வத்தை மாநில மரமாகவும், நாகலிங்கப் பூவை மாநில மலராகவும் அறிவித்தது.

ஆனால் கோயில் மரத்தை யாரும் வெட்டத் துணிய மாட்டார்கள். வீட்டு வாசல் மரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லையே! அந்தக் கதையை அக்கா வீட்டிலேயே பார்த்தேன்.

அக்கா வீட்டு வேம்பு

அக்கா வீட்டு வாசலில் ஒரு வேப்ப மரம். அத்தானின் அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் நட்டதாம். ஐம்பது வருஷத்துக்கு மேலிருக்கும். நான் போன சமயம் அந்த மரத்தை வெட்டுவதா, வைத்துக்கொள்வதா என்று வீட்டில் பெரிய விவாதம்.

"வெட்டிடலாம்னுதான் பாக்கிறேன், அம்மா. கஜா புயல்லே ஒரு கிளை முறிஞ்சு ஓட்டு மேலே விழுந்தது. அன்னிக்கு அந்த அறையிலே யாரும் படுக்கலே, தப்பிச்சோம். இப்போ வீட்டிலே கைக்குழந்தை வேற இருக்கு" என்றார் அத்தான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜாவை அந்தப் பக்கத்து ஜனங்கள் மறப்பார்களா? காரைக்காலிலும் எத்தனையோ மரங்கள் சாய்ந்தன.

அக்கா விடவில்லை. "கைக்குழந்தை இருக்கிறதாலேதான் மரம் வேணும்ங்கிறேன்! சித்திரை வெயில்லே கரண்ட் போனா குழந்தையைத் தூக்கிக்கிட்டு எங்கே போறது? இந்த நிழல்லேதானே தொட்டில் கட்டறோம்?"

எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்த மருமகள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "ரெண்டு பேரும் என் பிள்ளையைத்தான் காரணம் சொல்றாங்க, சித்தி. என்னை யாரும் கேக்கலே. தினம் ரெண்டு வேளை இலை கூட்டறது நான்தான். அதுகூடப் பரவாயில்லே. ராத்திரி காத்தடிச்சா தூக்கம் வர மாட்டேங்குது."

இப்படி மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் அக்கா, அடுத்த தெருவிலிருந்து ஒரு பெரியவரைக் கூப்பிட்டு அனுப்பினாள். பல வருஷங்கள் நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வந்ததும் மரத்தை அண்ணாந்து பார்க்கவில்லை. முதலில் அடிமரத்தைத்தான் பார்த்தார். ஒரு கட்டையால் சுற்றிலும் தட்டி, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். உள்ளே பொந்து விழுந்திருந்தால் சத்தம் வேறு மாதிரி வருமாம். அடியில் காளான் முளைத்திருக்கிறதா, ஒரு பக்கத்து மண் வெடித்துத் தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தார். பிறகுதான் பேசினார்.

"மரத்திலே கோளாறு இல்லை, தம்பி. நாமதான் கோளாறு பண்ணி வெச்சிருக்கோம். வாசலுக்குத் தளம் போட்டப்போ அடிமரம் வரைக்கும் சிமெண்ட்டைப் பூசிட்டாங்க. வேருக்குத் தண்ணியும் போகாது, காத்தும் போகாது. கம்பியிலே படுதுன்னு தெருப்பக்கத்துக் கிளையை மட்டும் கழிச்சுட்டாங்க. அதனாலே பாரமெல்லாம் வீட்டுப் பக்கம். ஒரு கையிலே மட்டும் குடத்தைத் தூக்கினா நாமளும் சாய்ஞ்சுதானே நடப்போம்?"

"அப்போ விழாதுங்கிறீங்களா, தாத்தா?" என்றாள் மருமகள்.

"விழவே விழாதுன்னு யாராலேயும் எழுதிக் கொடுக்க முடியாது, தாயி. ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை இப்படிப் பாத்துக்கிட்டு வந்தா, எது விழற மரம்னு முன்கூட்டியே தெரிஞ்சு போகும்."

அவர் சொன்னபடி அடிமரத்தைச் சுற்றி மூன்றடிக்குச் சிமெண்ட்டைப் பெயர்த்தெடுத்தார்கள். ஆவணி முடிவதற்குள், வீட்டுப் பக்கம் நீண்டிருந்த இரண்டு கிளைகளை மட்டும் ஆள் வைத்துக் குறைத்தார்கள். மழைக்காலத்துக்கு மட்டும் குழந்தையின் தொட்டிலைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டாள் மருமகள். ஐப்பசி, கார்த்திகை அடைமழை கழிந்தபிறகு அக்கா போனில் பேசினாள். சில சுள்ளிகள் விழுந்ததோடு சரியாம். அத்தானே இப்போது மரத்தடியில்தான் பேப்பர் படிக்கிறாராம்.

அந்தப் பெரியவர் காபி குடித்துக்கொண்டே சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. "இந்தத் தெருவிலே நிக்கிற வேம்பு, கோயில் வில்வம், பள்ளிக்கூடத்துத் தூங்குமூஞ்சி, குளக்கரைப் பனை, உங்க கொல்லைப்புறத்து முருங்கை... தனித்தனியாப் பாத்தா மரம். மேலே பறக்கிற காக்காவுக்கு இதெல்லாம் ஒரே காடுதாம்மா. காட்டுக்குக் காவல்காரன் இருக்கிற மாதிரி, இதுக்கும் ஒருத்தர் வேணும்."

இதைத்தான் இன்று உலகமெங்கும் 'நகர்க்காடு' என்கிறார்கள். ஊருக்குள் இருக்கும் அத்தனை மரங்களையும் ஒரே காடாகக் கணக்கில் எடுத்து, எங்கே எது வேண்டும் என்று திட்டமிட்டுப் பராமரிப்பது. நம் வீட்டுச் செலவுக் கணக்கு மாதிரிதான். ஒவ்வொரு சாமானாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாசத்துக்கு மொத்தமாகப் போட்டுப் பார்த்தால்தான் எங்கே குறைகிறது என்று தெரியும்.

போகும்போது பெரியவர், "கடற்கரைக்குப் போனா சவுக்கை மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க. மணல்லே படர்ந்து கிடக்கிற கொடியையும் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மணலைப் பிடித்திருக்கும் கொடி

மறுநாள் சாயங்காலம் எல்லோருமாகக் கடற்கரைக்குக் கிளம்பினோம். அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் அருமையான காற்று. குழந்தைகளுக்கு விளையாட இடம் உண்டு. ஆற்றோரமாக நடந்தே போகலாம்.

அந்த அழகுக்குப் பின்னால் ஒரு பெரிய துக்கமும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த சுனாமி, காரைக்கால் மாவட்டத்து மீனவர் கிராமங்களில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. அதில் தாய்மாரும் பிஞ்சுக் குழந்தைகளும் எத்தனை பேர்! அதற்குப் பிறகுதான் கடலோர மரங்களைப் பற்றி எல்லோரும் தீவிரமாகப் பேச ஆரம்பித்தார்கள்.

தெற்கே வேதாரண்யம் பக்கத்தில் நாலுவேதபதி என்று ஒரு கிராமம். 2002 டிசம்பரில் அந்த ஊர் ஜனங்கள் ஒன்றுகூடி 24 மணி நேரத்தில் 80,244 மரக்கன்றுகளை நட்டுக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தார்கள். இரண்டே வருஷத்தில் சுனாமி வந்தது. கடலோரமாக இருந்த மரங்கள் அலையின் வேகத்தைத் தணித்ததால்தான் பிழைத்தோம் என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்னார்கள். கடலூர் மாவட்டத்தில் ஆராய்ச்சி செய்த விஞ்ஞானிகளும், அலையாத்திக் காடும் சவுக்குத் தோப்பும் இருந்த இடங்களுக்குப் பின்னாலிருந்த கிராமங்களில் சேதம் குறைவு என்று 2005-ல் எழுதினார்கள்.

அதற்காக, மரம் நட்டுவிட்டால் எந்த அலையும் வராது என்று இருந்துவிட முடியாது. ரொம்பப் பெரிய அலைக்கு முன்னால் எதுவும் நிற்காது. எச்சரிக்கை வந்ததும் குழந்தை குட்டிகளோடு மேட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். இன்னொரு விஷயம்: அலை வந்து தொடும் இடம் வரைக்கும் சவுக்கை நெருக்கி நட்டுவிட்டால், தை, மாசியில் முட்டையிடக் கரைக்கு வரும் பங்குனி ஆமைகளுக்கு இடம் இருக்காது. மணல் மேட்டைப் பிடித்து நிறுத்துவது சவுக்கு மட்டுமில்லை. ஊதா நிறத்தில் பூக்கும் அடம்பங்கொடியும், முள்ளு முள்ளாக உருண்டோடும் ராவணன் மீசைப் புல்லும்தான் மணலை முதலில் கட்டிப் போடுகின்றன. அவற்றுக்குப் பின்னால் தாழை. அதற்கும் பின்னால் புன்னை, பூவரசு, பனை, சவுக்கு. கழிமுகச் சேற்றில் அலையாத்தி. இப்படி வரிசை வரிசையாக வைப்பதுதான் நல்ல ஏற்பாடு. குப்பைக் கொடி என்று நினைத்துப் பிடுங்கிப் போடுகிறோமே, அதற்கும் ஒரு வேலை இருக்கிறது!

குளத்துக்கு வந்த யோகம்

காரைக்காலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு குளம் கண்ணில் படும். 2019-ல் மாவட்ட நிர்வாகம் 'நம் நீர்' என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கி, தூர்ந்து கிடந்த நூற்றுக்கும் மேற்பட்ட குளங்களைத் தூர் வாரியது. அரசாங்கம் மட்டும் செய்தால் ஆகாது என்று கோயில்கள், கம்பெனிகள், ஊர் ஜனங்கள் எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்கள். வாய்க்காலைச் சரி செய்தார்கள். குளத்துக்குத் தண்ணீர் வந்தது. கரைகளில் மரக்கன்றும் வைத்தார்கள்.

குளமும் மரமும் தனித்தனி இல்லை. குளத்தில் தண்ணீர் நின்றால் சுற்றுப்பட்ட கிணறுகள் ஊறும். மரத்தின் வேருக்கும் ஈரம் கிடைக்கும். மரம் கரையைப் பிடித்துக்கொள்ளும். கடலோர ஊர்களில் நிலத்தடி நீர் உப்பாக மாறாமல் காப்பதற்கும் மழைத் தண்ணீரைத் தேக்குவதுதான் வழி. ஆகவே எங்கே மரம் நடலாம் என்று யோசிக்கும் ஊர், முதலில் குளக்கரைகளைத்தான் பார்க்க வேண்டும்.

எந்த மரம் எங்கே?

பெரியவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டதை உங்களுக்கும் தருகிறேன். டெல்டாவிலும் கடலோரத்திலும் இருக்கும் சகோதரிகளுக்கு உபயோகப்படும்.

சின்னத் தெரு, மேலே மின்கம்பி போகிற இடம்: செம்பருத்தி, பவழமல்லி, கறிவேப்பிலை போன்ற உயரமில்லாதவை.

நடுத்தரத் தெரு: பூவரசு, புங்கன். இரண்டும் உப்புக் காற்றைத் தாங்கும். புங்க நிழல் நல்ல குளிர்ச்சி.

அகலமான சாலை, பள்ளிக்கூடம், மைதானம்: வேம்பு, நாவல், இலுப்பை, மருது. ஆலும் அரசும் கட்டடத்தை ஒட்டி வேண்டாம்; குளக்கரைக்கும் கோயில் வெளிக்கும்தான்.

குளக்கரை, வாய்க்கால் கரை: பனை, மருது, நாவல், நொச்சி.

கொல்லைப்புறம்: முருங்கை, எலுமிச்சை, மா, வாழை. வீட்டுக் கழிவு நீரே போதும்.

தூங்குமூஞ்சியும் குல்மோகரும் வெளிநாட்டிலிருந்து வந்து நம்மோடு கலந்துவிட்டவை. சீக்கிரம் வளர்ந்து நிழல் தரும். ஆனால் 2016 டிசம்பர் 12-ல் சென்னையை அடித்த வர்தா புயலில் ஏராளமாகச் சாய்ந்தவை குல்மோகர் போன்ற மரங்கள்தாம். புயல் பாதையில் இருக்கும் ஊர்கள் அவற்றை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. ஒரே ஜாதி மரத்தை ஊர் முழுக்க நடுவதும் ஆகாது. ஒரு பூச்சி வந்தால் எல்லாம் போய்விடும்.

நடுவது ஒரு நாள், வளர்ப்பது பல வருஷம்

மரம் நடு விழா என்றால் போட்டோ எடுக்கிறார்கள், கைதட்டுகிறார்கள். அடுத்த சித்திரையில் அந்தக் கன்றைப் போய்ப் பாருங்கள்! காய்ந்த குச்சியும் வளைந்த கூண்டும்தான் இருக்கும். பிள்ளை பெற்றவளுக்குச் சொல்லவா வேண்டும்? பிரசவம் ஒரு நாள். வளர்ப்பது எத்தனை வருஷம்!

நம் பக்கத்துக்கு நடவு செய்ய நல்ல காலம் ஆவணி, புரட்டாசி. ஐப்பசி மழைக்கு முன்னால் வேர் பிடித்துவிட்டால் தை வரை வானமே தண்ணீர் ஊற்றிவிடும். அதற்குப் பிறகு இரண்டு கோடையைத் தாண்ட வைப்பது நம் பொறுப்பு. அரிசி கழுவிய தண்ணீரும் காய்கறி அலம்பிய தண்ணீரும் ஒரு கன்றுக்குத் தாராளம். வாசல் கன்று பிழைப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் வாளித் தண்ணீரால்தான். பலகையில் அவள் பெயர் இருக்காது. இருந்தாலென்ன, நிழல் அவள் பிள்ளைக்கு!

புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 1968-ல் ஆரம்பித்தபோது அந்த இடம் பெரும்பாலும் வெறும் செம்மண் பொட்டல். மழைத் தண்ணீர் ஓடாமல் வரப்புக் கட்டி, முதலில் வேகமாக வளரும் மரங்களை நட்டு, அவற்றின் நிழலில் நம் நாட்டு மரங்களை வளர்த்தார்கள். இன்று அது காடு. அதற்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது.

அவ்வளவு காத்திருக்க முடியாதவர்களுக்கென்று ஜப்பானிய விஞ்ஞானி அகிரா மியாவாகி ஒரு முறை சொன்னார். மண்ணை ஆழமாகக் கொத்தி எரு கலந்து, ஒரு சதுர மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து வரை நாட்டுக் கன்றுகளை நெருக்கமாக நட்டு, இரண்டு மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றிக் களை எடுத்தால், பிறகு அதுவே பார்த்துக்கொள்ளும். 2020-ல் சென்னை மாநகராட்சி கோட்டூர்புரத்தில் இந்த முறையைத் தொடங்கியது. குப்பை கொட்டும் மூலை, பள்ளிக்கூடத்தின் பின்புறம் போன்ற சின்ன இடங்களுக்கு இது நல்ல வழி. ஆனால் அந்த அடர்த்திக்குள் புகுந்து உட்கார முடியாது. பாட்டி உட்கார்ந்து கதை பேசவும், குழந்தை தவழவும் வாசல் நிழல்தான் வேண்டும். இரண்டும் வெவ்வேறு தேவை.

நம் தமிழர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரைப் பாருங்கள். 1963-லேயே பிரதமர் லீ குவான் யூ மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். இன்று அங்கே சாலையோர மரங்களுக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆட்கள் முறை வைத்துப் போய்ச் சோதிக்கிறார்கள். எந்த மரம் நலிந்திருக்கிறது என்று விழுவதற்கு முன்பே தெரிகிறது. நம் பெரியவர் கட்டையால் தட்டிப் பார்த்ததும் அதே வேலைதானே? நம் நாட்டிலும் 2020 ஜூன் 5-ல் மத்திய அரசு 'நகர் வன்' என்ற பெயரில் ஊர்களுக்குள் காடு வளர்க்கும் திட்டத்தை அறிவித்தது. திட்டம் மேலிருந்து வரட்டும். கணக்கு நம் தெருவிலிருந்து தொடங்கலாம்.

தாய்மார்களுக்குச் சில குறிப்புகள்

* "மரமிருந்தால் கொசு வரும்" என்று சொல்லி வெட்டுகிறார்கள். டெங்கு கொசு வளர்வது பெரும்பாலும் தேங்காய்த் தொட்டி, பழைய டயர், மூடாத தொட்டி இவற்றில் தேங்கும் தண்ணீரில். அதைக் கவிழ்த்து விடுங்கள், மரத்தை விட்டுவிடுங்கள்.

* மாசி, பங்குனியில் வேம்பு இலையைக் கொட்டும். கூட்டிக் கொளுத்தாதீர்கள். அந்தப் புகை கைக்குழந்தைக்கும் ஆஸ்துமாக்காரர்களுக்கும் ஆகாது. ஒரு மூலையில் குழி வெட்டிக் காய்கறித் தோலோடு போட்டு வையுங்கள். மக்கியதும் அந்த மரத்துக்கே போடலாம்.

* அடிமரத்தைச் சுற்றி மூன்றடியாவது மண் தெரியட்டும். ஆணி அடிக்கவும் விளம்பரத் தட்டி கட்டவும் விடாதீர்கள்.

* கிளை கழிக்கும்போது உச்சியை மொட்டையடிக்க விடக் கூடாது. அந்த இடத்தில் தளிர்க்கும் கிளைகள் பலவீனமாக இருக்கும். காற்றில் அவைதான் முறியும். முதலில் கிளையின் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு, பிறகு மேலிருந்து அறுத்தால் பட்டை உரியாது. உயரமான கிளைக்கும், கம்பி பக்கத்துக் கிளைக்கும் தெரிந்த ஆளைத்தான் ஏற்ற வேண்டும். தெரு மரமானால் முனிசிபாலிட்டியில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

* புயல் எச்சரிக்கை வந்தால் எவ்வளவு நல்ல மரமானாலும் அதன் பக்கத்து அறையில் படுக்க வேண்டாம்.

* 2021-ல் ஒரு டச்சு பேராசிரியர் சுலபமான கணக்கு ஒன்று சொன்னார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூன்று மரமாவது கண்ணில் பட வேண்டும். பேட்டையில் 100-க்கு 30 பங்கு இடத்தில் மரநிழல் இருக்க வேண்டும். 300 மீட்டருக்குள் ஒரு பூங்காவோ தோப்போ இருக்க வேண்டும். முதல் கணக்கை நாம் அடுப்படி ஜன்னலிலிருந்தே பார்த்துவிடலாம்!

போகிறவர்களுக்கு

மாங்கனித் திருவிழாவுக்குப் போவதானால் கூட்டம் அதிகமாயிருக்கும். கைக்குழந்தைக்காரர்கள் ஊர்வலம் வரும் நேரத்துக்கு முன்பே நிழலான இடமாகப் பார்த்து நின்றுகொள்ளுங்கள். குடிதண்ணீர் கையில் இருக்கட்டும். சனிக்கிழமைகளில் திருநள்ளாறு நெரிசல். மற்ற நாட்களில் அதிகாலையில் போனால் சாவகாசமாகத் தரிசிக்கலாம். திருவேட்டக்குடிக்கும் ஒரு நடை போய் வாருங்கள். கடற்கரைக்கு மாலை நேரம் உத்தமம். ஆற்று முகத்துவாரத்தில் இழுப்பு அதிகம்; குழந்தைகளை இறங்க விடாதீர்கள். பக்கத்திலேயே நாகூர், நாகப்பட்டினம், தரங்கம்பாடி எல்லாம் இருப்பதால் மூன்று நாள் பிரயாணமாக வைத்துக்கொண்டால் நிறைவாக இருக்கும்.

நான் ஊர் திரும்பியதும் எங்கள் தெருவை எண்ணிப் பார்த்தேன். நாற்பத்திரண்டு வீடுகளுக்குப் பதினோரு மரங்கள். அதில் நான்குக்கு அடிவரை சிமெண்ட். பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேரோடு பேசி, இந்தப் புரட்டாசியில் ஆறு புங்கன் கன்றுகள் வைப்பதாக இருக்கிறோம். எந்தக் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று இப்போதே பெயர் எழுதியாகிவிட்டது. உங்கள் தெருவில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், சகோதரிகளே. எனக்கும் எழுதுங்கள்.